யாண்டு மட்டும் தெரிந்த கணினி

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைக் குறித்துவைக்க ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 11.05க்குக் கரண்ட் போகிறது. நடுவில் ஒருமுறை வந்து, நான்கு நிமிடம் நின்று, மறுபடி போகிறது. பிற்பகல் 1.40க்குத்தான் நிலையாக வருகிறது. சாயங்காலம் லாக்கைத் திறந்தால், 11.05 என்று முடியும் வரிக்கு அடுத்த வரியில் 10.17 என்று இருக்கிறது. அது 10.21 வரை போகிறது. அடுத்து மறுபடியும் 10.17. ஒன்றரை நிமிடம் கழித்து ஒரே தாவலாக 13.41.

கோப்பில் இருக்கிறபடியே மேலிருந்து கீழாகப் படித்தால் என்ன நடந்தது என்று ஒருவாறு ஊகித்துவிடலாம். நேரப்படி வரிசைப்படுத்தும் கருவி ஒன்றிடம் கொடுத்தாலோ கதை முடிந்தது. காலை ஓட்டம், நான்கு நிமிட ஓட்டம், பிற்பகல் ஓட்டம் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும். கரண்ட் போவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே கணினி இரண்டு முறை மறுபிறவி எடுத்ததாக லாக் சொல்லும்.

இந்தக் கணினியிடம் கடிகாரம் இல்லை. கோளாறின் வேர் அதுதான். மேசைக் கணினியின் மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு சி.ஆர்.2032 பேட்டரி இருக்கும். கணினி அணைந்திருக்கும்போதும் ஆர்.டி.சி. எனப்படும் வன்பொருள் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். 1984ல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணினியில் மோட்டரோலாவின் எம்.சி.146818 சில்லு இந்த வேலையைப் பார்த்தது. அதற்கு முந்தைய பி.சி.களில் சுவிட்சைப் போட்டதும் டாஸ் முதலில் தேதி கேட்கும், பிறகு நேரம் கேட்கும். பலர் என்டரை மட்டும் தட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்துக் கோப்புகளின் தேதிகளை நம்ப முடியாமல் போனதற்கு அந்த ஒரு தட்டுதான் காரணம்.

ஆர்.டி.சி.யின் உள்ளே இருப்பது விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அதுவே ஒரு விநாடி. சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும். நாளொன்றுக்கு 1.7 விநாடி, வருடத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல். வெயில் ஏறினால் பிசகும் ஏறும். டி.எஸ்.3231 போல வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் சில்லுகள் வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவில் நிற்கும். ஆக, கடிகாரம் இருப்பது வேறு, நம்பத்தக்க கடிகாரம் இருப்பது வேறு. பேட்டரி செத்துப்போன பழைய மேசைக் கணினியும் நம் தொட்டிக் கணினியும் இந்த விஷயத்தில் ஒரே சாதி.

2012ல் ராஸ்பெர்ரி பை வெளிவந்தபோது விலையைக் குறைவாக வைத்திருக்க ஆர்.டி.சி. சேர்க்கப்படவில்லை. 2023ல் வந்த ஐந்தாம் மாடலில்தான் அந்தச் சுற்று பலகையிலேயே வந்தது; அதற்கும் பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றிலும் இதே நிலைதான். இப்படிப்பட்ட கணினியில் லினக்ஸ் கண் விழிக்கும்போது அதற்குத் தெரிந்த தேதி 1970 ஜனவரி 1. யுனிக்ஸின் கணக்கு கிரீன்விச் நள்ளிரவிலிருந்து தொடங்குவதால் நம் ஊர் நேரத்தில் அது காலை 5.30. லாக்கில் ‘1970 ஜனவரி 1, 05.30’ என்று கண்டால், அந்த வரியை எழுதிய கணினிக்கு நேரமே தெரியாது என்று பொருள்.

இணையம் கிடைத்ததும் என்.டி.பி. நெறிமுறை வழியாகச் சரியான நேரம் வந்துவிடும். டேவிட் மில்ஸ் 1985ல் வகுத்துத் தந்த இந்த நெறிமுறைதான் இன்றும் உலகக் கணினிகளை ஒரே நேரத்தில் நிறுத்துகிறது. ஆனால் இணையம் கிடைக்கும்வரை? அதற்குள் நூற்றுக்கணக்கான வரிகள் எழுதப்பட்டிருக்கும். சிலசமயம் நேரம் தெரியாததாலேயே இணையமும் முழுதாகக் கைக்கு வராது. பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ்கள் ‘இந்தத் தேதி முதல் செல்லும்’ என்று சொல்பவை. 1970ல் இருக்கும் கணினிக்கு அவை எல்லாமே இன்னும் பிறக்காதவை. இணையப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பதில்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் டி.என்.எஸ்.செக் முறையிலும் இதே கதி. நேரம் சொல்லும் சர்வரின் முகவரியைக் கண்டுபிடிக்க நேரம் சரியாக இருக்க வேண்டும். நேரத்தைச் சரிசெய்ய அந்த முகவரி வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

இதற்கு உலகம் கண்டுபிடித்த ஒட்டுவேலைகள் சுவையானவை. டெபியன் லினக்ஸின் ஃபேக்-ஹெச்.டபிள்யூ.கிளாக் என்ற சின்ன நிரல், மணிக்கு ஒருமுறையும் கணினியை முறையாக அணைக்கும்போதும் அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். மறுபடி எழும்போது அந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும். டெபியனில் மணிக்கொரு வேலைகள் வழக்கமாக 17ஆம் நிமிடத்தில் ஓடும். நம் தொட்டிக் கணினி 10.17க்கே திரும்பத் திரும்பப் போனதன் ரகசியம் அதுதான். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைம்சிங்டி, ஒரு காலிக் கோப்பின் ‘கடைசியாக மாற்றிய நேரம்’ என்ற குறிப்பையே கடிகாரமாகப் பயன்படுத்துகிறது. இயல்பாக 60 விநாடிக்கு ஒருமுறை அதைத் தொட்டுப் புதுப்பிக்கும். அந்தக் கோப்பும் இல்லையென்றால், சிஸ்டம்டி கட்டப்பட்ட தேதிக்கு முன்னால் போவதில்லை என்ற ஒரு எல்லையாவது உண்டு. என்.டி.பி. நிரலான குரோனி தன் பிசகுக் கணக்குக் கோப்பின் தேதியைப் பார்க்கும். எனக்கு மிகவும் பிடித்தது ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. ரவுட்டர்கள் செய்வது. அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவில் எது கடைசியாக மாற்றப்பட்டதோ அதன் தேதியை எடுத்துக் கடிகாரத்தில் வைத்துவிடும். ‘இந்தக் கோப்பு அன்றைக்கு மாறியிருக்கிறது, ஆகவே இன்று அதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்ற கிராமத்துக் கணக்கப்பிள்ளையின் தர்க்கம்.

இவை எல்லாம் கணினியை 1970லிருந்து மீட்கின்றன. லாக் வரிசையைப் பொறுத்தவரை, என் பார்வையில், நோயை மறைக்கவும் செய்கின்றன. 1970 என்று எழுதிய வரியைப் பார்த்தவுடன் தவறு தெரியும். 10.17 என்று எழுதிய வரி நல்ல பிள்ளை போல உட்கார்ந்திருக்கும். அது ஒரு கரண்ட் வெட்டுக்குப் பிந்தையது என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது.

கல்வெட்டு படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பழகியது. சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் தொடர் ஆண்டுக் கணக்கைச் சொல்வதில்லை. அரசன் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ‘யாண்டு’ என்று மட்டுமே சொல்லும். ஒரே அரசனின் யாண்டு 7, யாண்டு 12க்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. ஆட்சி மாறினால்தான் தலைவலி. ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்கள் மாறி மாறி வரும். இயற்பெயர் இல்லாமல் ‘பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் அவன் முதலாம் பராந்தகனா, உத்தம சோழனா, வேறொருவனா என்று எழுத்தமைதியையும் அதிகாரிகளின் பெயர்களையும் வைத்து மல்லுக்கட்ட வேண்டும். போதாததற்கு, 1012 முதல் 1014 வரை ராஜராஜனின் கணக்கும் ராஜேந்திரனின் கணக்கும் ஒரே சமயத்தில் ஓடின.

லினக்ஸ் கர்னலும் யாண்டுக் கணக்குதான் எழுதுகிறது. திரையில் ஓடும் அதன் வரிகளுக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் இருக்கும் எண், அந்த பூட், அதாவது கணினியின் அந்த ஓட்டம், தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்பது. புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம். நிரல்களுக்கும் இதே போன்ற ஒரு கடிகாரம் கிடைக்கிறது. மோனோடோனிக் கிளாக் என்று பெயர். யார் கணினி நேரத்தை எப்படித் திருத்தினாலும் அது பின்னோக்கிப் போகாது. ஒரு பூட்டுக்குள் எது முந்தி எது பிந்தி என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இதிலும் சில வழுக்கல்கள் உண்டு. லேப்டாப்பை மூடித் தூங்கவைத்தால் மோனோடோனிக் கடிகாரமும் தூங்கிவிடும். தூங்கிய நேரத்தையும் சேர்த்து எண்ணும் பூட்டைம் கிளாக் தனியாக இருக்கிறது. கர்னல் வரிகளை மனித நேரத்துக்கு மாற்றிக் காட்டும் டிமெசேஜ் கட்டளை தூக்கத்துக்குப் பிறகு பிசகுவது இதனால்தான்; அதன் கையேடே அப்படி எச்சரிக்கிறது. பழைய 32 பிட் எண்ணிகள் மில்லிவிநாடியில் எண்ணினால் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் 95 அத்தனை நாள் இடைவிடாமல் ஓடினால் உறைந்துபோனது இந்தக் கணக்கினால். லினக்ஸ்காரர்கள் செய்த தந்திரம் ரசிக்கத்தக்கது. எண்ணியைத் தொடக்கத்திலேயே கடைசிக் கோட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சுழற்சியில் இடறும் நிரல், ஐம்பதாவது நாள் வரை காத்திருக்காமல் முதல் ஐந்து நிமிடத்திலேயே இடறி விழும்.

எந்த அரசன் என்பதைச் சொல்ல லினக்ஸ் ஒவ்வொரு பூட்டுக்கும் 128 பிட் நீளத்தில் ஒரு பூட் அடையாளம் உருவாக்குகிறது. இரண்டு வரிகளில் அடையாளம் ஒன்றாக இருந்தால் ஒரே ஆட்சி. வேறாக இருந்தால் வேறு ஆட்சி. பரகேசரிக் குழப்பம் இங்கே எழாது. ஆனால் அந்த எண் குலுக்கல் முறையில் வருவது. இரண்டு அடையாளங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது தந்தை, எது மகன் என்று தெரியாது. பெயர் இருக்கிறது, வம்சாவளி இல்லை.

இந்த இடத்தில் லாக் எழுதும் நிரல்கள் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். முன்னோடி சிஸ்லாக். பெர்க்லியில் எரிக் ஆல்மன் 1980களில் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலுக்காக எழுதியது. அதன் வழக்கத்தை 2001ல் தொகுத்த ஆர்.எஃப்.சி. 3164 ஆவணத்தின்படி ஒரு வரியின் நேரமுத்திரையில் மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி இருக்கும். ஆண்டு இருக்காது. எந்த நாட்டு நேரம் என்பதும் இருக்காது. நம் பிரபவ முதல் அட்சய வரையான வருஷப் பெயர்கள் 60 ஆண்டில் திரும்பி வருவதால் ‘சுக்கில வருஷம்’ என்று மட்டும் இருக்கும் ஓலையைக் கண்டு விழிக்கிறோம்; சிஸ்லாக் அந்தச் சுழற்சியை ஒரே ஆண்டாகச் சுருக்கிவிட்டது. 2009ல் வந்த ஆர்.எஃப்.சி. 5424 இதைத் திருத்தியது. அதைவிட முக்கியமாக, நேரம் பற்றிய நேர்மையைக் கொண்டுவந்தது. நேரமே கிடைக்காத கருவி அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிடலாம். கடிகாரம் வெளி மூலத்தோடு ஒத்துப்பார்க்கப்பட்டதா, எவ்வளவு பிசகலாம் என்றும் சொல்லலாம். வரிசை எண், கணினி எழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்பவற்றுக்கும் இடம் உண்டு. நடைமுறையில் இந்தக் கட்டங்களை நிரப்பும் நிரல்கள் அரிது. கோடு போட யாருக்கும் மனம் வருவதில்லை.

2011ல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்டியின் ஜர்னல் இந்தச் சாட்சிகள் அனைத்தையும் ஒவ்வொரு வரியிலும் சேர்த்தே வைக்கிறது: ஒரு தொடர் எண், அந்த எண் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்ற அடையாளம், பூட் அடையாளம், மோனோடோனிக் நேரம், சுவர்க்கடிகார நேரம். பல கோப்புகளை ஒன்றாகக் கலந்து காட்டும்போது இரண்டு வரிகளில் எது முந்தி என்று அது முடிவுசெய்த அடிப்படை முறை இது. எண் குடும்பம் ஒன்றானால் தொடர் எண்ணைப் பார். இல்லாவிட்டால், பூட் ஒன்றானால் மோனோடோனிக் நேரத்தைப் பார். அதுவும் இல்லாவிட்டால் சுவர்க்கடிகாரத்தைப் பார். இருப்பதிலேயே நம்பகமான சாட்சியை முதலில் கூப்பிடு என்ற நியாயமான ஏற்பாடு.

ஆனால் ஜோடி ஜோடியாக நியாயமாக இருப்பது கூட்டத்தில் நியாயமாக இருக்க வேண்டியதில்லை. கரண்ட் போவதற்கு முன் 11.05க்கு எழுதிய வரி அ. கரண்ட் வந்தபின் அதே எண் குடும்பத்தில் எழுதிய வரி ஆ. அதே புதிய பூட்டில், ஆவுக்குப் பிறகு, வேறொரு எண் குடும்பத்துக் கோப்பில் 10.18 என்று எழுதிய வரி இ. தொடர் எண்ணின்படி அ முந்தி, ஆ பிந்தி. மோனோடோனிக்கின்படி ஆ முந்தி, இ பிந்தி. அவும் இயும் நேருக்கு நேர் நிற்கும்போது குடும்பமும் வேறு, பூட்டும் வேறு. ஆகவே சுவர்க்கடிகாரம் பேசுகிறது: இ முந்தி. அண்ணனுக்குத் தம்பி, தம்பிக்குத் தம்பி, அந்தத் தம்பிக்கு அண்ணனே தம்பி! வரிசைப்படுத்தும் எந்த நிரலும் இப்படிப்பட்ட வட்டத்தில் தடுமாறும். வரிகள் விடுபடலாம், திரும்ப வரலாம், கலைந்து வரலாம்.

ஜர்னல் கோப்புக்குள் குறிப்பிட்ட நேரத்தைத் தேடும்போது, அகராதியை நடுவில் திறந்து முன்னோ பின்னோ போவது போலப் பாதிப்பாதியாகத் தேடுகிறது. கோப்புக்குள் நேரம் ஏறுமுகமாக இருந்தால்தான் அந்தத் தேடல் வேலை செய்யும். அதனால்தான் கடிகாரம் பின்னோக்கிக் குதித்ததைக் கண்டதும் ‘நேரம் பின்னால் தாவியது, கோப்பை மாற்றுகிறேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் புதிய கோப்புக்குப் போய்விடுகிறது. ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் இந்த வரியை அடிக்கடி பார்த்திருப்பார்கள்.

அப்படியானால் பூட்டுகளின் வம்சாவளிக்கு என்ன வழி? விடை அலுப்பூட்டும் அளவுக்கு எளியது. ஒவ்வொரு முறை எழும்போதும் அழியாத நினைவகத்தில் ஓர் எண்ணைக் கூட்டிவிட வேண்டும். சின்னக் கருவிகளுக்கு நிரல் எழுதுபவர்கள் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். ‘பூட் எண், பூட் தொடங்கியதிலிருந்து விநாடி’ என்ற இரண்டு எண்கள் போதும்; ஒரு கணினியின் எல்லா வரிகளும் ஐயமில்லாமல் வரிசையில் நிற்கும், இன்று என்ன தேதி என்றே தெரியாவிட்டாலும்.

இதற்கு ஆகும் செலவையும் பார்க்கலாம். அர்டுயினோவில் இருக்கும் ஏ.டி.மெகா328 சில்லின் அழியா நினைவகம் ஓர் இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும் என்கிறது தயாரிப்பாளரின் கணக்கு. டைம்சிங்டியைப்போல நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தை ஒரே இடத்தில் எழுதினால் 70 நாளில் அந்த இடம் தேய்ந்துவிடும். பூட் எண்ணை மட்டும் எழுதினால், நாளுக்குப் பத்து முறை கரண்ட் போனாலும் 27 வருஷம் தாங்கும். ஆயுள் குறைந்த பொருளில் எதை எழுதுவது என்றால், நான் பூட் எண்ணைத்தான் எழுதுவேன். பொதுப் பயன்பாட்டு இயங்குதளங்கள் ஏன் இதைக் கட்டாயமாக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு. வட்டு எப்போது எழுதத் தயாராகும் என்று பூட்டின் தொடக்கத்தில் உறுதி சொல்ல முடியாது, சில கணினிகள் வட்டைப் படிக்க மட்டுமே திறக்கும் என்ற காரணங்கள் உண்டு. அவை பெரும்பாலான கணினிகளுக்குப் பொருந்தாத காரணங்கள்.

நல்ல கடிகாரம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து நிம்மதி அடைய வேண்டியதில்லை. 2017 புத்தாண்டு பிறந்த அந்தக் கணத்தில் லீப் விநாடி ஒன்று சேர்க்கப்பட்டபோது, கிளவுட்ஃபிளேரின் சர்வர்கள் சிலவற்றில் நேரம் ஒரு கணம் பின்னால் போனது. இரண்டு நேரங்களைக் கழித்தால் விடை ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று நம்பிய கோ மொழி நிரல் ஒன்று விழுந்தது, டி.என்.எஸ். தேடல்கள் சில தோற்றன. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த கோ 1.9 பதிப்பு, நேரத்தைக் கேட்டாலே மோனோடோனிக் எண்ணையும் சேர்த்துத் தரத் தொடங்கியது.

கணினி ஒன்றுக்கு மேல் ஆகும்போது பூட் எண்ணும் போதாது. மாடியில் ஒரு கருவி, மோட்டாரில் ஒரு கருவி. இரண்டின் வரிகளையும் எப்படிக் கோப்பது? லெஸ்லி லாம்போர்ட் 1978ல் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியின் மூலநூல். நேரத்தை விட்டுவிடுங்கள், காரணகாரியத்தைப் பிடியுங்கள் என்பது அவர் வழி. செய்தியை அனுப்பியது, அது போய்ச் சேர்ந்ததற்கு முந்தி. ஒவ்வொரு கணினியும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிகழ்வுக்கும் அதில் ஒன்றைக் கூட்டி, செய்தி வரும்போது மட்டும் தன் எண், வந்த எண் இரண்டில் பெரியதை எடுத்து ஒன்றைக் கூட்டினால் போதும். தொடர்பே இல்லாத இரண்டு நிகழ்வுகளில் எது முந்தி? அதற்குப் பதிலே கிடையாது என்று ஒப்புக்கொண்டதில்தான் அந்தக் கட்டுரையின் துணிச்சல் இருக்கிறது. 1988ல் ஃபிட்ஜும் மேட்டர்னும் தனித்தனியே கண்ட வெக்டர் கடிகாரம், எந்த இரண்டு நிகழ்வுகள் அப்படித் தொடர்பற்றவை என்பதையும் கண்டுசொல்லும். நம் மாடிக் கருவி ‘தொட்டி நிரம்பிவிட்டது’ என்று அனுப்பும் செய்தியில் தன் பூட் எண்ணையும் விநாடியையும் சேர்த்து அனுப்பி, மோட்டார்க் கருவி அதைத் தன் லாக்கில் எழுதிக்கொண்டால், இரண்டு லாக்குகளும் அந்த இடத்தில் ஊசி குத்தினாற்போல் சேர்ந்துவிடும்.

வரிசை கிடைத்த பிறகு தேதி வேண்டும் என்றால்? கல்வெட்டறிஞர்கள் செய்ததைத்தான் செய்ய வேண்டும். யாண்டோடு கிழமை, நட்சத்திரம், திதி அல்லது கிரகணம் குறித்த கல்வெட்டு ஒன்று கிடைத்தால், ஃபிரான்ஸ் கீல்ஹார்ன் போன்றவர்கள் வானியல் கணக்குப் போட்டு அது எந்த நாள் என்று கண்டார்கள். ஒரு கல்லுக்கு நாள் தெரிந்தால் அந்த ஆட்சியின் மற்றக் கற்களுக்கும் தெரிந்ததுபோலத்தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ல் வெளியிட்ட சன்டயல் என்ற முறை இதன் நேரடி உடன்பிறப்பு. மண்ணின் ஈரத்தையும் வெப்பத்தையும் அளக்கக் காட்டில் வைத்த உணரிகள் நடுநடுவே அணைந்து எழுந்து தேதியை இழந்திருந்தன. அவற்றில் வெளிச்சத்தை அளக்கும் உணரியும் இருந்தது. பகல் எவ்வளவு நீளம், உச்சிப்பொழுது எப்போது என்பதை அந்த அளவுகளிலிருந்து எடுத்து, சூரியனின் கணக்கோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு துண்டும் எந்த நாட்களுக்கு உரியது என்று மீட்டார்கள்.

தொட்டிக் கணினிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூன்றாவது பூட்டில், எழுந்து 94ஆம் விநாடியில் என்.டி.பி. வந்து 13.41.34 என்றது. ஆகவே அந்த பூட் தொடங்கியது 13.40.00. அதே பூட்டில் 20ஆம் விநாடியில் எழுதப்பட்டு 10.17 என்ற பொய் முத்திரையோடு நிற்கும் வரியின் உண்மை நேரம் 13.40.20. இப்படி ஒவ்வொரு வரியையும் பின்னோக்கித் திருத்திவிடலாம். மூல முத்திரையை மட்டும் அழிக்கக் கூடாது.

இரண்டாவது பூட்டுக்கு இந்த வழி இல்லை. நான்கு நிமிடத்தில் ரவுட்டர்கூட முழுதாக எழுந்திருக்காது. நேரம் சொல்ல யாரும் வரவில்லை. அது 11.05க்குப் பிறகு தொடங்கியது, 1.36க்கு முன்னால் தொடங்கியது. அவ்வளவுதான் எழுத முடியும். ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வந்த நாளையும் கீல்ஹார்ன் 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்றுதான் எழுதினார். வரலாற்று நூல்களில் இன்றும் அது அப்படியே இருக்கிறது.